டெஸ்மாய்ட் கட்டி ஃபைலைக் கோட் செய்வது எப்படி: கோலாலம்பூர், பினாங்கு ரெக்கார்டு ஆபிஸ்களுக்கு ஒரு கையேடு

டெஸ்மாய்ட் என்ற மென்திசுக் கட்டிக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 (நோய்களுக்கான பன்னாட்டுக் குறியீட்டுப் பட்டியல்) தரும் குறியீடு டி48.1. விடை இவ்வளவுதான். ஆனாலும் இதே கட்டி சி49 என்று புற்றுநோயாகவும், டி21 என்று சாதாரணக் கட்டியாகவும், எம்72.9 என்று தசை உறை நோயாகவும் கணினிக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. அட்டவணை பார்க்கத் தெரியாததால் வரும் பிழை இல்லை இது. டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும் அரைகுறை வரிதான் கோடரை, அதாவது குறியீடு போடுபவரை, தவறான பக்கத்துக்கு அனுப்புகிறது. ஆகவே இந்தக் கையேட்டில் பாதிக்கு மேல் ஆவணத்தைப் பற்றியது. ஆவணம் சரியாக இருந்தால் குறியீடு போடுவது ஐந்து நிமிட வேலை.

இங்கே குறியீடுகளில் வரும் ‘டி’ எல்லாமே ஆங்கில நெடுங்கணக்கின் நான்காவது எழுத்து. கணினியில் அதையே தட்டுங்கள்.

புற்றுமில்லை, சாதுவுமில்லை

உலக சுகாதார நிறுவனத்தின் மென்திசுக் கட்டி வகைப்பாடு (2020, ஐந்தாம் பதிப்பு) டெஸ்மாய்டை இடைநிலைக் கட்டி என்கிறது: இருக்கும் இடத்தில் ஆக்கிரமித்து வளரும், உடலின் வேறு பகுதிக்குப் பரவாது. தசை, நரம்பு, குடல் என்று எதற்குள்ளும் வேர்விடும், வெட்டியெடுத்த பிறகும் அதே இடத்தில் திரும்ப வரலாம். ஆனால் நுரையீரலிலோ கல்லீரலிலோ போய் முளைக்காது.

இந்த இடைநிலையைத்தான் ஐசிடி-ஓ (கட்டிகளுக்கென்றே உள்ள தனிப் பட்டியல்) குறியீட்டின் கடைசி இலக்கம் சொல்கிறது. சாய்கோட்டுக்குப் பின் 0 இருந்தால் சாது, 1 இருந்தால் நிச்சயமற்ற போக்கு, 2 இருந்தால் இடம்விட்டு நகராத ஆரம்பநிலைப் புற்று, 3 இருந்தால் புற்று. டெஸ்மாய்டுக்கு 8821/1. வயிற்று ஃபைப்ரோமடோசிஸ், குடல்தாங்கிச் சவ்வில் வரும் ஃபைப்ரோமடோசிஸ் என்று நோய்க்குறியியலாளர் எழுதியிருந்தால் 8822/1. எந்தக் காரணத்துக்காகவும் அந்த 1-ஐ 3 ஆக்கக் கூடாது. நோயாளிக்குக் கீமோ கொடுக்கிறார்கள், ஆன்காலஜி வார்டில் படுத்திருக்கிறார் என்பதெல்லாம் காரணமே ஆகாது.

சி49 எப்படி நுழைகிறது என்றால் பெரும்பாலும் இப்படித்தான். ஐசிடி-ஓவில் இடத்தைக் குறிக்கும் குறியீடுகள் எல்லாமே ‘சி’ எழுத்தில் தொடங்கும், கட்டி சாதுவாக இருந்தாலும் கூட. வயிற்றுச் சுவரின் மென்திசுவுக்கு அதில் சி49.4. லேப் ரிப்போர்ட்டின் அடியில் ‘சி49.4, 8822/1’ என்று இருந்தால், அவசரத்தில் இருக்கும் கோடர் முதல் பாதியை மட்டும் எடுத்து ஐசிடி-10 கட்டத்தில் போட்டுவிடுகிறார். ஐசிடி-10இல் அதே சி49.4 வயிற்று மென்திசுவின் புற்றுநோய். எழுத்தும் எண்ணும் ஒன்றுதான், பொருள் வேறு. லேப் ரிப்போர்ட்டிலிருந்து ‘சி’ குறியீட்டை எடுத்துப் போடும் பழக்கத்தையே விட்டுவிடுவது நல்லது.

புற்றுநோய்ப் பதிவேடுகள் பொதுவாக 3-இல் முடிபவற்றையே கணக்கில் எடுக்கும். மூளைக் கட்டிகள் போன்ற சிலவற்றுக்குத்தான் 1-க்கும் இடம். ஆகவே டெஸ்மாய்டுக்குப் புற்றுநோய் அறிவிப்புப் பாரத்தை வழக்கமாக நிரப்பி அனுப்பிவிடாதீர்கள். அனுப்புவதற்கு முன் பதிவேட்டின் கையேட்டைப் பாருங்கள்.

அட்டவணையில் சறுக்கும் இடங்கள்

‘ஃபைப்ரோமடோசிஸ்’ என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் எம்72.9 வரும். அந்தக் குடும்பத்தில் இருப்பவை வேறு நோய்கள்: உள்ளங்கையில் வரும் டியூபிட்ரன் எம்72.0, உள்ளங்காலில் வருவது எம்72.2, நோடுலர் ஃபேஷியைட்டிஸ் எம்72.4. ‘டெஸ்மாய்ட்’ அல்லது ‘ஆக்கிரமிக்கும்’ என்ற சொல்லை மருத்துவர் விட்டுவிட்டால் கட்டி ஒன்று எலும்புமூட்டு அத்தியாயத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும். பிறகு யார் தேடினாலும் கிடைக்காது.

மார்பகம் ஒரு விலக்கு. டி48.1 தலைப்பின் கீழேயே மார்பகத்தின் இணைப்புத்திசு இங்கே சேராது, டி48.6க்குப் போ என்று எழுதியிருக்கும். ஆகவே மார்பகத் திசுவுக்குள் தோன்றிய டெஸ்மாய்டுக்கு டி48.6. மார்பகத்துக்குப் பின்னால் பெக்டோரலிஸ் என்ற மார்புத் தசையிலோ அதன் உறையிலோ தோன்றி முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது என்றால் டி48.1. ஸ்கேனில் இரண்டும் ஒட்டித்தான் தெரியும். எங்கே தோன்றியது என்று அறுவை நிபுணர் ஒரு வரி எழுதாமல் கோடர் இதைத் தீர்மானிக்கவே முடியாது, தீர்மானிக்கவும் கூடாது.

வயிற்றுக்குள் இருப்பதற்கு டி48.3 (பெரிட்டோனியம் என்ற வயிற்று உட்சவ்வுக்குப் பின்புறம்), டி48.4 (பெரிட்டோனியம்) என்று போடத் தோன்றும். இடத்தை வைத்துப் போனால் அப்படித்தான் தெரியும். ஆனால் அகரவரிசை அட்டவணையில் ‘டெஸ்மாய்ட்’ என்ற சொல்லிலிருந்து தொடங்கினால் அது இணைப்புத்திசு, நிச்சயமற்ற போக்கு என்றுதான் அனுப்பும், டி48.1இல் வந்து நிற்பீர்கள். கட்டிகளுக்கு எப்போதும் முதலில் கட்டியின் பெயர், பிறகுதான் இடம்.

அமெரிக்க வடிவம் கேட்டால்

அரசு மருத்துவமனையின் கேஸ்மிக்ஸ் (நோயாளிகளை நோய், செலவு வாரியாகத் தொகுக்கும் முறை) வேலைக்கு ஐசிடி-10 போதும். அறுவை, பரிசோதனைகளுக்கு ஐசிடி-9-சிஎம். ஆனால் வெளிநாட்டுக் காப்புறுதி உள்ள நோயாளிக்குத் தனியார் மருத்துவமனையில் பில் போடும்போதும், அமெரிக்கக் கணக்குகளைக் கையாளும் கோடிங் நிறுவனத்திலும் ஐசிடி-10-சிஎம் கேட்பார்கள். அதில் 2023 அக்டோபர் 1 முதல் டெஸ்மாய்டுக்குத் தனி வரிசை வந்துவிட்டது:

டி48.110 – தலை, கழுத்து
டி48.111 – மார்புச் சுவர்
டி48.112 – மார்புக்கூட்டுக்குள்
டி48.113 – வயிற்றுச் சுவர்
டி48.114 – வயிற்றுக்குள். பெரிட்டோனியம், அதன் பின்புறம், இடுப்புக் குழி எல்லாம் இதில் அடக்கம்
டி48.115 – கை, தோள்பட்டை வளையம்
டி48.116 – கால், இடுப்பு வளையம்; பிட்டமும் இதில்தான்
டி48.117 – முதுகு
டி48.118 – வேறு இடம்
டி48.119 – இடம் குறிப்பிடப்படாதது

டெஸ்மாய்ட் அல்லாத மற்ற நிச்சயமற்ற மென்திசுக் கட்டிகள் டி48.19க்குப் போய்விட்டன. வெறும் டி48.1 என்று அனுப்பினால் இலக்கம் போதவில்லை என்று க்ளெய்ம் திரும்பி வரும். 2023 செப்டம்பர் 30 வரையிலான டிஸ்சார்ஜுக்குப் பழைய டி48.1தான், பில் என்றைக்குத் தட்டுகிறீர்கள் என்பதை வைத்துக் குறியீட்டுப் பதிப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள், சிகிச்சை அல்லது டிஸ்சார்ஜ் நாளைப் பாருங்கள்.

இந்த வரிசையில் ‘இடுப்பு’ என்ற ஒரு சொல்லே 114, 116 இரண்டுக்கும் கதவைத் திறக்கும். கட்டி இடுப்பெலும்புக்கு உட்புறக் குழியிலா, வெளிப்புறத் தசையிலா என்று எழுதியிருக்க வேண்டும். அதேபோல் ‘ஸ்கேபுலா பக்கம்’ என்பது முதுகா, தோள்பட்டை வளையமா? தசையின் பெயர் இருந்தால் கேள்வியே எழாது. 119ஐப் பயன்படுத்த வேண்டி வந்தால் அது குறியீட்டுப் பிரச்சினை இல்லை, ஃபைலில் இடம் எழுதப்படவில்லை என்பதன் சான்று. இடம் தெரியாமல் யாரும் டெஸ்மாய்டுக்கு எம்ஆர்ஐ எடுப்பதில்லை.

மருத்துவர் எழுத வேண்டியவை

ஹவுஸ்மேன் (பயிற்சி மருத்துவர்) டிஸ்சார்ஜ் சம்மரி தட்டும்போது ‘வயிற்றுக் கட்டி, எக்சிஷன் செய்யப்பட்டது, நலம்’ என்று முடித்துவிடுவது வழக்கம். வார்டில் எம்ஓ (மருத்துவ அதிகாரி) அல்லது நிபுணரிடம் கீழே உள்ளவை வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால் பின்னால் ஃபைலைத் துரத்த வேண்டியதில்லை.

முதலாவது பெயர்: ‘டெஸ்மாய்ட் வகை ஃபைப்ரோமடோசிஸ்’ என்று முழுமையாக. பயாப்சி எந்த நாளில், ஊசிக் கோர் பயாப்சியா திறந்த பயாப்சியா, பீட்டா-கேட்டனின் என்ற புரதம் உட்கருவில் ஏறியிருக்கிறதா, சிடிஎன்என்பி1 மரபணுச் சோதனை செய்திருந்தால் முடிவு என்ன. அந்த மரபணுவில் எஸ்45எஃப் மாற்றம் உள்ளவற்றுக்குத் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், சிகிச்சையை நியாயப்படுத்தும் கடிதத்தில் அது கனமான வரி. குறியீட்டை அது மாற்றாது.

இடம்: பக்கம், தசை அல்லது சவ்வின் பெயர், ஆழம். அளவு: மூன்று பரிமாணமும், அளந்த தேதியும், எந்த ஸ்கேனில் அளந்தது என்பதும். ‘பெரிய கட்டி’ என்பது அளவில்லை.

புதியதா, திரும்ப வந்ததா, முன்பு முழுதாக எடுக்க முடியாமல் மிச்சம் விட்டதா. மூன்றுக்கும் ஐசிடி-10இல் ஒரே குறியீடுதான் என்றாலும் காப்புறுதி அதிகாரிக்கு மூன்றும் மூன்று வேறு க்ளெய்ம்கள். அறுவை நடந்திருந்தால் வெட்டு விளிம்பு: ஆர்0 (மிச்சமில்லை), ஆர்1 (நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் மிச்சம்) அல்லது ஆர்2 (கண்ணுக்கே தெரியும் மிச்சம்).

பின்னணி: பெருங்குடலில் ஏராளமான பாலிப்கள் வளரும் பரம்பரை நோயான குடும்பவழி அடினோமட்டஸ் பாலிபோசிஸ், அதாவது எஃப்ஏபி, உண்டா? டெஸ்மாய்ட் நோயாளிகளில் 5 முதல் 10 விழுக்காட்டினருக்கு அது இருக்கும். வயிற்றுக்குள் கட்டி இருப்பவர்களிடம் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. ஐசிடி-10இல் எஃப்ஏபிக்குத் தனிக் குறியீடு இல்லை, பெருங்குடல் அடினோமடோசிஸ் என்ற டி12.6க்குள் அடங்கும். ஐசிடி-10-சிஎம்மில் 2023 அக்டோபர் முதல் டி13.91. பெருங்குடலை ஏற்கெனவே எடுத்துவிட்டவருக்கு டி12.6ஐ நடப்பு நோயாகப் போடலாமா என்று கோடர்கள் மல்லுக்கட்டுவதுண்டு. மலக்குடல் மிச்சமிருக்கிறதா, அதில் பாலிப் இருக்கிறதா என்று மருத்துவர் எழுதிவிட்டால் சண்டை தீரும்: இருந்தால் நடப்பு நோய், எல்லாம் போய்விட்டிருந்தால் இசட்90.4 (செரிமான உறுப்பின் பகுதி நீக்கப்பட்டது), இசட்86.0 (முன்னைய கட்டி வரலாறு).

சிசேரியன் தழும்பு, முந்தைய அறுவை, அண்மைக் கர்ப்பம் ஆகியவற்றையும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். இளம் தாய்மார்களுக்கு வயிற்றுச் சுவரில் வருவது இந்தக் கட்டியின் தெரிந்த போக்கு. கர்ப்பத்தின்போதே சிகிச்சைக்கு வந்து, கட்டி கர்ப்பத்தைச் சிக்கலாக்குகிறது என்று மருத்துவர் எழுதியிருந்தால் ஓ99.8 முதலில், டி48.1 கூடுதலாக.

பயாப்சி முடிவு வராத ஃபைல்

ரிப்போர்ட் வரும் முன்பே நோயாளி வீட்டுக்குப் போய்விடுவார், ஃபைல் உங்கள் மேசையில் நிற்கும். மருத்துவர் ‘வயிற்றுச் சுவரில் கட்டி, எச்பிஇ நிலுவை’ (எச்பிஇ என்றால் திசுச் சோதனை) என்று மட்டும் எழுதியிருந்தால் அது அறிகுறிக் குறியீடு: உடற்பகுதி வீக்கம் ஆர்22.2, வயிற்றுக்குள் என்றால் ஆர்19.0, கை ஆர்22.3, கால் ஆர்22.4. டி48.1இன் தலைப்பில் ‘அறியப்படாத போக்கு’ என்று இருப்பதைப் பார்த்து, தெரியாத வீக்கத்தையெல்லாம் அதில் கொட்டுபவர்கள் உண்டு. கட்டி என்று மருத்துவரே முடிவுக்கு வராத வீக்கத்துக்கு அந்த இடம் இல்லை.

‘டெஸ்மாய்ட் என்று சந்தேகம்’ என்று எழுதி டிஸ்சார்ஜ் செய்திருந்தால் நிலைமை வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 இரண்டாம் தொகுதி விதிப்படி, சிகிச்சைக் கட்டம் முடியும்போதும் சந்தேகமாகவே இருக்கும் முதன்மை நோயை, வேறு தகவல் இல்லாவிட்டால், உறுதியானது போலவே கோட் செய்யலாம். ஐசிடி-10-சிஎம்மில் இந்தச் சலுகை உள்நோயாளிக்கு மட்டும். வெளிநோயாளிப் பிரிவில் சந்தேகத்தைக் கோட் செய்யக் கூடாது, அறிகுறியைத்தான் செய்ய வேண்டும்.

எப்படியானாலும் நிலுவை ரிப்போர்ட்டுகளுக்கு ஒரு பட்டியல் வைத்து, வந்தவுடன் ஃபைலைத் திறந்து திருத்துங்கள். எச்பிஇ ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக் கோடரே நோயறிதலை மாற்றுவது வேண்டாம். சிகிச்சை தந்த மருத்துவர் ஒரு கூடுதல் குறிப்பில் அதை ஏற்று எழுதித் தேதியிட்டுக் கையொப்பமிட வேண்டும். அவருக்கு அனுப்பும் கேள்வி இப்படி இருக்கலாம். மொழி ஆங்கிலமோ மலாயோ, உள்ளடக்கம் இதுதான்:

“டாக்டர், இந்நோயாளியின் பயாப்சி ரிப்போர்ட்டில் ‘டெஸ்மாய்ட் வகை ஃபைப்ரோமடோசிஸ், பீட்டா-கேட்டனின் உட்கருவில் பாசிட்டிவ்’ என்று உள்ளது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘வயிற்றுச் சுவர் கட்டி’ என்று உள்ளது. தங்கள் இறுதி நோயறிதல் என்ன? கட்டி தோன்றிய திசு எது? இது முதல் முறையா, திரும்ப வந்ததா? வேறு தொடர்புள்ள நோய் உண்டா?”

‘டி48.1 என்று உறுதிப்படுத்தவும்’ என்று எழுதாதீர்கள். விடையைக் கையில் கொடுத்துக் கேட்கும் கேள்வி தணிக்கையில் நிற்காது.

கண்காணிப்பும் சிகிச்சைதான்

டெஸ்மாய்டில் இன்று முதல் நடவடிக்கை பெரும்பாலும் கத்தி இல்லை, காத்திருப்பு. உலகளாவிய டெஸ்மாய்ட் பணிக்குழுவின் வழிகாட்டி, நோய் உறுதியானதும் ஓரிரு மாதத்தில் ஒரு எம்ஆர்ஐ, பிறகு 3 முதல் 6 மாத இடைவெளியில் தொடர்ந்து எம்ஆர்ஐ என்று செயலூக்கக் கண்காணிப்பைப் பரிந்துரைக்கிறது. கணிசமான கட்டிகள் வளராமல் நின்றுவிடும், சில தாமே சுருங்கும்.

இங்கேதான் கோடர்கள் இசட்09ஐ எடுக்கிறார்கள், ‘சிகிச்சைக்குப் பின் மறுபரிசோதனை’ என்று. தவறு. அந்தக் குறியீடு நோய் தீர்ந்தபின் சரிபார்க்க வருபவருக்கு. கட்டி உள்ளே இருக்கும்வரை, மாத்திரை ஒன்றுகூடத் தராவிட்டாலும், முதன்மை நோய் டி48.1தான். கட்டியை முழுதாக எடுத்தபின், மிச்சமும் இல்லை, மறுவளர்ச்சியும் இல்லை என்று எழுதியிருந்தால்தான் இசட்09.0, கூடவே இசட்86.0. புற்றுநோய்க்குப் பிந்தைய பரிசோதனைக்கான இசட்08 டெஸ்மாய்டுக்கு என்றைக்குமே இல்லை.

மருத்துவர்களும் இந்தக் கட்டத்தில் ஒரு வரியைக் கெடுப்பார்கள்: ‘சிகிச்சை தேவையில்லை, 3 மாதத்தில் பார்க்கலாம்’. அடுத்த எம்ஆர்ஐக்கு ஜிஎல் (காப்புறுதி நிறுவனத்தின் செலவு உத்தரவாதக் கடிதம்) கேட்கும்போது காப்புறுதிக்காரர் இதே வரியைத் திருப்பிக் காட்டுவார். ‘செயலூக்கக் கண்காணிப்பில் உள்ளார், வளர்ச்சி, வலி, உறுப்பு அழுத்தம் ஆகியவற்றைப் பார்க்க எம்ஆர்ஐ அவசியம்’ என்று எழுதினால் செய்தி அதேதான், வாசல் மட்டும் மூடாது.

ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முந்தைய அளவும் இப்போதைய அளவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். கட்டியின் மாற்றத்தை அளக்கும் ரெசிஸ்ட் 1.1 அளவுகோலில் வளர்ச்சி என்பது மிக நீண்ட விட்டத்தின் கூட்டுத்தொகை 20 விழுக்காடும், குறைந்தது 5 மில்லிமீட்டரும் கூடுவது. பின்னால் மருந்தோ அறுவையோ வேண்டும் என்று கேட்கும்போது இந்த எண்கள்தான் பேசும்.

மருந்தைப் பார்த்து நோயைச் சொல்லாதீர்கள்

டெஸ்மாய்டுக்குத் தரும் மருந்துகள் பெரும்பாலும் வேறு நோய்களிலிருந்து வந்த விருந்தாளிகள். சோராஃபெனிப் என்றால் கல்லீரல் புற்று, இமாடினிப் என்றால் ஜிஸ்ட் என்ற இரைப்பை-குடல் கட்டி, மெத்தோட்ரெக்ஸேட் என்றால் முடக்குவாதம் என்று கணக்குப் போட்டு முதன்மை நோயை மாற்றிய ஃபைல்கள் எந்த மருத்துவமனைத் தணிக்கையிலும் அகப்படும். அளவும் ஒரு துப்பு: கல்லீரல் புற்றுக்கு சோராஃபெனிப் வழக்கமாக 400 மி.கி. தினம் இருமுறை; 2018இல் வெளியான டெஸ்மாய்ட் சோதனையில் 400 மி.கி. தினம் ஒருமுறை.

நிரோகாசெஸ்டாட் டெஸ்மாய்டுக்கென்றே அனுமதி பெற்றது. அமெரிக்காவின் மருந்து அனுமதி அமைப்பான எஃப்டிஏ 2023 நவம்பரில் அனுமதித்தது, 150 மி.கி. தினம் இருமுறை. அனுமதியின் வாசகம் ‘வளர்ந்துவரும், முழுவுடல் சிகிச்சை தேவைப்படும் டெஸ்மாய்ட் உள்ள வயதுவந்தோர்’ என்பது. ஆகவே அனுமதிக் கடிதத்தில் வளர்ந்துவருகிறது என்பதற்கு எண்களும், முழுவுடல் சிகிச்சை ஏன் தேவை என்பதற்குக் காரணமும் இரண்டும் இருக்க வேண்டும். சுகாதார அமைச்சு மருத்துவமனையில் மருந்துப் பட்டியலுக்கு வெளியே எது கேட்டாலும் அமைச்சின் சிறப்பு அனுமதி வேண்டும். அந்தப் பாரத்துக்கும் இதே தரவுகள்தான்.

ஊசி வழிக் கீமோவுக்கென்றே டே கேருக்கு வந்து போனால் முதன்மை இசட்51.1, அடுத்து டி48.1, செயல்முறை (ஐசிடி-9-சிஎம்) 99.25. இசட்51.1இன் தலைப்பு ‘கட்டிக்கான கீமோ’ என்பதால் புற்றுநோயாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. கதிர்வீச்சு அமர்வுக்கு இசட்51.0. மாத்திரை வாங்க கிளினிக் வருபவருக்கு இவை பொருந்தாது, அங்கே டி48.1தான் முதன்மை.

பக்கவிளைவுக்காக வந்தால் அந்த விளைவு முன்னால் வரும். சோராஃபெனிப்பால் கை, காலில் தோல் உரிந்து எரிச்சல் என்றால் எல்27.1, கூடவே ஒய்43.3. மருந்தால் வயிற்றுப்போக்கு என்றால் கே52.1. எது மருந்தால் வந்தது என்று மருத்துவர் எழுத வேண்டும். ‘சோராஃபெனிப் சாப்பிடுகிறார், கையில் தோல் உரிகிறது’ என்ற இரு தனி வாக்கியங்களுக்கு நடுவில் ‘அதனால்’ என்ற சொல்லைக் கோடர் சேர்க்க முடியாது. நிரோகாசெஸ்டாட் எடுக்கும் பெண்களுக்குச் சினைப்பை பாதிப்பு அடிக்கடி வருவதால் மாதவிடாய் வரலாறு மருந்து தொடங்கும் முன்பே பதிவாகட்டும்.

இரண்டு ஃபைல்கள்

33 வயதுப் பெண், சிசேரியன் தழும்புக்கருகே வலது ரெக்டஸ் என்ற வயிற்றுத் தசையில் 6 x 5 x 4 செ.மீ. டெஸ்மாய்ட், கண்காணிப்பில் வளர்ந்தது, வெட்டியெடுத்து மெஷ் வைத்து வயிற்றுச் சுவரைச் சீரமைத்தார்கள். முதன்மை டி48.1 (ஐசிடி-10-சிஎம் என்றால் டி48.113). செயல்முறை 54.3, சீரமைப்புக்கு 54.72. மெஷ் என்ற சொல்லைப் பார்த்ததும் 53 வரிசை ஹெர்னியா குறியீட்டுக்கு ஓடாதீர்கள். ஹெர்னியா இருந்ததாக யாரும் எழுதவில்லை. அதே பெண் முன்பு கோர் பயாப்சிக்கு மட்டும் வந்த நாளுக்கு 54.22.

எஃப்ஏபி உள்ள ஆண், பெருங்குடல் நீக்கப்பட்டவர், குடல்தாங்கிச் சவ்வில் 12 செ.மீ. டெஸ்மாய்ட், குடலடைப்போடு அவசரப் பிரிவில் சேர்க்கப்பட்டு சிறுகுடலின் ஒரு பகுதி வெட்டப்பட்டது. இடது சிறுநீரகம் வீங்கியிருந்தது. டி48.1, கே56.6, என்13.3 (சிறுநீர்க்குழாய் சுருங்கியிருப்பதாக எழுதியிருந்தால் என்13.1), இசட்90.4, மலக்குடல் நிலையைப் பொறுத்து எஃப்ஏபி. செயல்முறை 45.62, குடல் முனைகளை நேருக்கு நேர் இணைக்காமல் பக்கவாட்டில் இணைத்திருந்தால் 45.91ஐயும் சேர்க்கச் சொல்கிறது புத்தகம். எது முதன்மை என்பதைச் சேர்க்கைக் காலத்தில் எதற்குப் பிரதானமாகச் சிகிச்சை நடந்தது என்று மருத்துவர் சொல்ல வேண்டும். அடைப்பு கட்டியால் வந்தது என்ற தொடர்பை எழுதாமல் விட்டுவிடுவார்கள். முந்தைய அறுவையின் ஒட்டுகளாலும் இவருக்கு அடைப்பு வரலாம் என்பதால் கேட்டே ஆக வேண்டும். வயிற்றுக்குள் இருக்கும் எஃப்ஏபி டெஸ்மாய்டுக்கு சர்ச் என்ற கடுமை வகைப்பாட்டின் நிலை (1 முதல் 4) எழுதியிருந்தால் நோயின் கடுமைக்கு நல்ல ஆதாரம்.

ஜிஎல், க்ளெய்ம், குடும்பத்தின் வேண்டுகோள்

‘டாக்டர், கேன்சர்னு எழுதிக் கொடுங்களேன், இன்சூரன்ஸ் கெடைக்கும்’ என்று குடும்பம் கேட்கும். பணக் கஷ்டத்தில் கேட்கும் கேள்வி, கோபிக்க வேண்டியதில்லை. ஆனால் மலேசியக் கடுநோய்க் காப்புறுதியில் புற்றுநோய் என்பதன் வரையறை திசுச் சோதனையில் உறுதியான, ஊடுருவும் புற்றுக் கட்டி. எல்லைநிலைக் கட்டிகளை அது பெயர் சொல்லியே விலக்குகிறது. சி49 என்று போட்டு அனுப்பினாலும் அவர்கள் எச்பிஇ ரிப்போர்ட்டைக் கேட்பார்கள், அதில் 8821/1 இருக்கும். அதற்குப் பிறகு அந்த நோயாளியின் நியாயமான மருத்துவமனைச் செலவு க்ளெய்மும் சந்தேகத்தோடுதான் பார்க்கப்படும்.

மருத்துவ அட்டை (மருத்துவமனைச் செலவுக் காப்புறுதி) வேறு வகை. படுக்கை, அறுவைச் செலவுக்கு நோய் புற்றாக இருக்க வேண்டியதில்லை, மருத்துவ அவசியம் போதும். வெளிநோயாளிப் புற்றுச் சிகிச்சைப் பயன்தான் சிக்கல். அதற்குப் பெரும்பாலும் புற்று என்ற வரையறை வேண்டும். கடிதத்தில் உள்ளதை உள்ளபடி, ஆனால் முழு பலத்தோடு எழுதச் சொல்லுங்கள்: இடைநிலைக் கட்டி, பரவாது, ஆனால் பக்கத்து உறுப்புகளை ஊடுருவும், இன்ன உறுப்பை அழுத்துகிறது, இத்தனை மாதத்தில் இவ்வளவு வளர்ந்தது, அறுவை செய்தால் இன்ன செயலிழப்பு வரும், ஆகவே இந்த மருந்து. முடிவு அவர்களுடையது.

‘எப்போதிலிருந்து’ என்ற கட்டத்தில் கவனம் வேண்டும். பல மருத்துவ அட்டைகளில் கட்டி, நீர்க்கட்டி, பாலிப் எல்லாவற்றுக்கும் முதல் 120 நாள் காத்திருப்பு உண்டு. ‘நீண்ட நாளாக’ என்று ஹவுஸ்மேன் பொத்தாம்பொதுவாக எழுதியதை வைத்து ஜிஎல் நிராகரிக்கப்படும். நோயாளி சொன்ன மாதம், ஆண்டு, முதலில் பார்த்த கிளினிக், முதல் ஸ்கேன் தேதி என்று எழுதினால் அது சாதகமோ பாதகமோ, உண்மை நிற்கும்.

பெயர் பொருந்தாத ரிப்போர்ட்

பயாப்சி ஒரு மருத்துவமனையில், பீட்டா-கேட்டனின் வெளி லேப்பில், மரபணுச் சோதனை இன்னொன்றில். நம்மவர் பெயர்களில் ஏ/எல், ஏ/பிக்கு (மகன், மகள் என்பதன் மலாய்ச் சுருக்கம்) பிறகு வரும் தகப்பன் பெயர் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு எழுத்துக்கூட்டில் இருக்கும்; சுப்ரமணியம் என்ற ஒரு பெயரையே நாலு விதமாகத் தட்டுவார்கள். பெயரை வைத்துத் தேடாமல் 12 இலக்க மைகார்டு (அடையாள அட்டை) எண்ணை வைத்து ரிப்போர்ட்டைச் சேருங்கள். மேடானிலிருந்து பினாங்குக்கு வரும் இந்தோனேசிய நோயாளிக்குப் பாஸ்போர்ட் எண், அதுவும் புதுப்பித்தால் மாறிவிடும் என்பதால் பிறந்த தேதியும் சேர்த்து. அவர்கள் கொண்டுவரும் ஊர் ரிப்போர்ட்டில் ‘ஃபைப்ரோமடோசிஸ்’ என்று மட்டும் இருந்தால் ஸ்லைடையோ பாராஃபின் பிளாக்கையோ இங்குள்ள நோய்க்குறியியலாளரிடம் மறுவாசிப்புக்கு அனுப்பச் சொல்லி, அந்த மறுவாசிப்பை வைத்துக் கோட் செய்யுங்கள்.

பழைய பதிவுகளைச் சுத்தம் செய்ய நினைப்பவர்கள் குறியீட்டிலிருந்து தொடங்காதீர்கள். லேப் அமைப்பில் ‘டெஸ்மாய்ட்’, ‘ஃபைப்ரோமடோசிஸ்’ என்ற சொற்களைத் தேடி எடுத்து, அந்த மைகார்டு எண்களுக்கு எதிரே என்ன குறியீடு இருக்கிறது என்று பாருங்கள். சி49, டி21, எம்72.9, ஆர்22.2 ஆகிய நான்கிலும் ஆள் இருப்பார். டியூபிட்ரன் நோயாளிகளை எம்72.0இல் அப்படியே விட்டுவிட்டு, மற்றவற்றை மருத்துவரின் கூடுதல் குறிப்போடு திருத்துங்கள். பழைய குறியீட்டை அழிக்காமல், யார், எந்த நாளில், எதை வைத்து மாற்றினார் என்ற தடம் இருக்கட்டும். அனுப்பி முடிந்த க்ளெய்ம் என்றால் நிதிப் பிரிவுக்குச் சொல்லிவிட்டுத் திருத்துங்கள், பின்னால் அல்ல.